யானை எங்கே?

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்



போன செமஸ்டரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி. விடுதியில் எங்கள் அறை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஒரு செல்போனைச் சாய்த்து வைத்து, பதினொரு பேர் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்துகொண்டு படம் பார்த்தோம். தாய்லாந்துப் படம். டோனி ஜா நடித்த ‘டாம் யம் கூங்’, 2005-இல் வந்தது. அதில் ஒரு சண்டை வரும் பாருங்கள்! ஒரு ஓட்டலின் மாடிப்படி. கீழேயிருந்து மேலே வரை அடித்துக்கொண்டே ஏறுகிறார். கேமராவும் பின்னாலேயே ஏறுகிறது. ஏறக்குறைய நான்கு நிமிஷம், நடுவில் ஒரு வெட்டு கிடையாது, ஒரே ஷாட்! ஆள் மேலேயிருந்து விழுகிறான், கதவு உடைகிறது, மேஜை பறக்கிறது. நாங்கள் மூச்சு விடாமல் பார்த்தோம். அது சாதனைதான், சந்தேகமே இல்லை.

படம் முடிந்தது. எல்லோரும் கையைக் காலை உதறிக்கொண்டு எழுந்தார்கள். நான் சும்மா கேட்டேன்: “ஆமா, அந்த யானை என்னடா ஆச்சு?”

“எந்த யானை?”

இதுதான் வந்த பதில். படமே யானைக்காகத்தான் தோழர்களே! கிராமத்தில் குடும்பத்தில் ஒருவராக வளர்த்த பெரிய யானையையும் குட்டியையும் திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதைத் தேடித்தான் கதாநாயகன் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரம் வரை போகிறான். பதினொரு பேரில் ஒருவனுக்கும் யானை நினைவில் இல்லை. எனக்கும் சரியாக நினைவில்லை, அதனால்தான் கேட்டேன்!

அன்றைக்கு ஆரம்பித்த வாக்குவாதம் இரவு ஒரு மணி வரை போனது. அதன் மிச்சம்தான் இந்தக் கட்டுரை. மலர்க்குழு நண்பர்கள் ‘தொழில்நுட்பமும் மாணவ சமுதாயமும்’ மாதிரி ஏதாவது எழுதச் சொன்னார்கள். மன்னிக்கவும், அதை வேறு நல்லவர்கள் எழுதுவார்கள்.

என் அறை நண்பனின் வாதம் இது: “மாப்ள, சண்டைப் படத்துக்கு எதுக்குடா கதை? தச்சங்குறிச்சி வாடிவாசல்ல போய் நின்னு கதையா கேக்குற? மாடு வருது, ஆளு பாயிறான், அவ்வளவுதான்!”

நல்ல கேள்வி. நம் மாவட்டத்துக்காரனிடம் ஜல்லிக்கட்டை வைத்துப் பேசினால் வாயடைத்துப் போகத்தான் வேண்டும். ஆனால் யோசித்துப் பார்த்தேன். வாடிவாசலில் கதை இல்லையா? மைக்கில் ஒருவர் கத்திக்கொண்டே இருக்கிறாரே, அது என்ன? எந்த ஊர் மாடு, யார் வீட்டு மாடு, பிடித்தால் என்ன பரிசு என்று அவர் சொல்லிவிட்டுத்தானே மாடு வெளியே வருகிறது! பக்கத்தில் நிற்கிற மாமா “போன வருசம் இந்த மாடு ஒருத்தன் கையிலயும் சிக்கல” என்று காதில் ஓதுகிறார். மாட்டுக்காரர் தடுப்புக்கு அந்தப் பக்கம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். மைக்கை அணைத்துவிட்டு, யார் மாடு என்றே தெரியாமல் ஐந்நூறு மாடு பாருங்கள். நூறாவது மாட்டில் கொட்டாவி வரும்.

கதை என்றால் ஐந்து திருப்பம், இரட்டை வேடம், பிளாஷ்பேக் என்று நான் சொல்லவில்லை. இவன் எதற்காக அடிக்கிறான், தோற்றால் இவனுக்கு என்ன போகும், இந்த வித்தை இவனுக்கு எப்படி வந்தது? இவ்வளவு தெரிந்தால் எனக்குப் போதும்.

புரூஸ் லீயின் ‘தி பிக் பாஸ்’ பார்த்திருக்கிறீர்களா? (டி.வி.யில் ஆட்களை வீட்டுக்குள் அடைத்து வைத்துச் சண்டை மூட்டிவிடும் நிகழ்ச்சி அல்ல. அதில் சண்டையும் இல்லை, கதையும் இல்லை!) 1971-இல் வந்த படம். பிழைப்புத் தேடித் தாய்லாந்துக்குப் போய், சொந்தக்காரப் பையன்களோடு ஐஸ் பேக்டரியில் வேலைக்குச் சேர்கிறான் ஒரு கிராமத்து வாலிபன். சண்டையே போட மாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறான். அதன் அடையாளமாகக் கழுத்தில் ஒரு பச்சைக்கல் பதக்கம். கண்ணெதிரே கூட இருப்பவர்கள் அடி வாங்குகிறார்கள். இவன் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். புரூஸ் லீ படம் தோழர்களே, புரூஸ் லீ சும்மா நிற்கிறார்! நமக்குக் கை பரபரக்கிறது. ஒரு கட்டத்தில் அந்தப் பதக்கம் உடைகிறது. அப்புறம் விழுகிற அடி ஒவ்வொன்றும் நாமே கொடுத்த மாதிரி இருக்கிறது.

கதையைத் தபால் கார்டில் எழுதிவிடலாம். ஐஸ் கட்டிக்குள் போதைப்பொருள் கடத்துகிற முதலாளி, அதைக் கண்டுபிடித்த தொழிலாளிகள் காணாமல் போகிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் கனமாக இருக்கிறது. எனக்குக் கூடுதல் கனம். விடுதியில் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு என் அம்மாவும் அதேதான் சொன்னார்: “எவன் என்ன சொன்னாலும் கைய நீட்டிராதய்யா. ஒனக்கு ஒண்ணுன்னா ஓடியார நமக்கு ஆளு இல்ல.” எங்கள் ஊர் ஆதனக்கோட்டைப் பக்கம். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர். கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரலெல்லாம் கருத்திருக்கும். அந்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். என் கழுத்தில் பதக்கம்தான் இல்லை.

சண்டைக் கலைஞர்களை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். ஜாக்கி சான் 1985-இல் ‘போலீஸ் ஸ்டோரி’யில் விளக்குகள் சுற்றிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பல மாடி உயரத்திலிருந்து சறுக்கி இறங்கினாரே, அது டூப் இல்லை. கை வெந்துபோனது. அவர் படங்களில் கடைசியில் பேர் ஓடும்போது காட்டுவார்களே, தப்பிப்போன ஷாட்டுகள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவது, அதைப் பார்க்காமல் நான் எழுந்திருப்பதே இல்லை. அவ்வளவு தூரம் ஏன்? 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் படப்பிடிப்பு. கார் பறக்கிற காட்சியில் ஸ்டண்ட் கலைஞர் ஒருவர் உயிரையே விட்டார். அந்த வீடியோவை நாம் எல்லோரும் போனில் பார்த்தோம். பார்த்துவிட்டு அடுத்ததைத் தள்ளினோம்.

என் கோபமே இங்கேதான் இருக்கிறது. ஒருவர் எலும்பை அடகு வைத்து நான்கு நிமிஷம் உழைக்கிறார். அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற இரண்டு மணி நேரத்தை ஒரு ராத்திரி உட்கார்ந்து ஒழுங்காக எழுதக்கூடாதா? அந்த உழைப்புக்கு மரியாதை வேண்டாமா?

சரி, வித்தை எப்படி வந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு முக்கியம் இதுதான்.

தமிழ்ப் படத்தில் வித்தை வருவதற்கு ஒரு பாட்டு போதும். ‘அண்ணாமலை’யில் (1992) பால்காரர் ஒரே பாட்டில் பணக்காரர் ஆனார். ‘பத்ரி’யில் (2001) ஊர் சுற்றிக்கொண்டிருந்த தம்பி ஒரே பாட்டில் கிக் பாக்ஸிங் வீரன் ஆனார். அந்தப் பாட்டில் விஜய் கையின் மேல் காரை ஏற்றியதெல்லாம் நிஜமான துணிச்சல், கைதட்டத்தான் வேண்டும். பயிற்சியாளராக வந்தவர் நிஜ கராத்தே மாஸ்டர் ஷிஹான் ஹுசைனி. 2025-இல் காலமான அந்த மனிதர் எத்தனை வருஷம் உழைத்துக் கற்றிருப்பார்! ஆனால் படத்தில் பாட்டு முடிவதற்குள் பயிற்சியும் முடிந்துவிடுகிறது.

இப்போது நம்ம ஒர்க்ஷாப்புக்கு வாருங்கள். முதல் வருஷம் பிட்டிங். கையில் ஒரு எம்.எஸ். பிளாட்டையும் ஒரு அரத்தையும் கொடுத்து, “நாலு பக்கமும் சதுரமாத் தேய்ச்சுக் கொண்டா” என்று நிறுத்தினார் ஒர்க்ஷாப் சார். நான் நினைத்தேன், என்ன பெரிய வேலை, அரை மணி நேரம்! மூன்று வாரம் தேய்த்தேன். டிரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் தெரியும். “போ, தேய்.” மறுபடியும் வெளிச்சம். “போ, தேய்.” உள்ளங்கை கொப்பளித்து, கொப்புளம் உடைந்து, சாப்பாட்டில் ரசம் பட்டாலே எரிந்தது. ஊருக்குப் போனபோது அப்பாவிடம் டிரை ஸ்கொயரைப் பற்றிச் சொன்னேன். அவர் கொத்தனார். “அதான்யா மூலைமட்டம்” என்று சிரித்தார். தன் கையை விரித்துக் காட்டினார். அதற்கப்புறம் நான் கொப்புளத்தைப் பற்றிப் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சீனியர் அண்ணன் போனில் ஏற்றிக் கொடுத்தார், ‘ஷாவோலினின் 36-ஆவது அறை’. ஹாங்காங்கில் 1978-இல் எடுத்த படம். இயக்கியவர் லாவ் கர்-லுங், நடித்தவர் கார்டன் லியூ. கதை என்று பார்த்தால் இதுவும் சாதாரணம்தான். கொடுங்கோலர்களிடமிருந்து தப்பி வந்த மாணவன் ஒருவன் ஷாவோலின் மடத்தில் சேர்ந்து சண்டை கற்றுக்கொண்டு பழி வாங்குகிறான். கடைசிப் பகுதி அவசர அவசரமாக ஓடுகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் நடுவில் ஒரு மணி நேரம் இருக்கிறதே! மடத்தில் 35 அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பயிற்சி. நம்ம ஆள் என்ன செய்கிறான் தெரியுமா? எடுத்த எடுப்பில் எல்லாவற்றுக்கும் மேலான அறைக்குப் போகிறேன் என்கிறான். உள்ளே போனவனைத் தூக்கி வெளியே எறிகிறார்கள். (நேரடியாகக் கம்பெனியில் டிசைன் இன்ஜினீயர் ஆக வேண்டும் என்று இன்டர்வியூவில் சொன்ன என் வகுப்புத் தோழன் இதைப் படித்துக் கோபிக்க வேண்டாம்.) பிறகு அடியிலிருந்து தொடங்குகிறான். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் தண்ணீர். அதில் கட்டைகள் மிதக்கின்றன. அதன் மேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும். விழுகிறான், மறுநாளும் விழுகிறான். இரண்டு கையிலும் வாளி நிறையத் தண்ணீர், கையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே மேட்டில் ஏற வேண்டும். கையில் கத்தி கட்டியிருக்கிறது, கை தாழ்ந்தால் விலாவில் குத்தும்! நீளமான கனத்த கழியின் ஒரு முனையைப் பிடித்து மறுமுனையால் மணி அடிக்க வேண்டும், மணிக்கட்டுக்குப் பயிற்சி. தலையால் மணல் மூட்டையை முட்டிக்கொண்டே நடக்க வேண்டும்.

இதில் எங்கே சண்டை இருக்கிறது? யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. “போ, தேய்” என்று சார் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வருஷங்கள் கழித்து அவன் எல்லா அறையும் முடித்தபின் என்ன கேட்கிறான்? 36-ஆவதாக ஓர் அறை வேண்டும், மடத்துக்கு வெளியே இருக்கிற சாதாரண ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுக்க என்கிறான். இப்படி ஒரு ஆசையைச் சண்டைப் படத்தில் வைக்கத் தோன்றியதே, அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டலாம்.

இப்போது நம் படம் ஒன்று. பெயர் சொன்னால் பலருக்குக் கோபம் வரும், எனக்கே கொஞ்சம் வருத்தம்தான். ‘ஏழாம் அறிவு’. 2011 தீபாவளிக்கு வந்தது. எனக்கு அப்போது நான்கு வயசு. பிறகு டி.வி.யில் போட்டபோதெல்லாம் பார்த்திருக்கிறேன். காஞ்சிபுரத்திலிருந்து சீனா போன போதிதர்மராகச் சூர்யா வருகிற முதல் இருபது நிமிஷம் மயிர்க்கூச்செறியும். வில்லனாக வந்த ஜானி டிரை நுயென் கண்ணாலேயே பயமுறுத்துவார். (‘டாம் யம் கூங்’ படத்தில் டோனி ஜாவோடு மோதுகிறவர்களில் இவரும் ஒருவர்!) போதிதர்மர்தான் ஷாவோலின் துறவிகளுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தார் என்பது பிற்காலத்தில் வந்த கதை, 17-ஆம் நூற்றாண்டு நூலில்தான் அந்தப் பேச்சே வருகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அதை விடுங்கள், சினிமாவுக்கு அவ்வளவு சுதந்திரம் கொடுக்கலாம்.

என் சங்கடம் வேறு. கதாநாயகன் சர்க்கஸ்காரன். அவனுக்கு அந்த வித்தை தெரியாது. ஆனால் போதிதர்மரின் பரம்பரை. அவனுடைய டி.என்.ஏ.வில் முன்னோரின் திறமையெல்லாம் தூங்கிக்கொண்டிருக்கிறதாம், அதை எழுப்பிவிட்டால் போதுமாம். கிளைமாக்ஸில் அடி வாங்கி விழுந்து கிடக்கிறவன் திடீரென்று எழுந்து வித்தையெல்லாம் காட்டுகிறான். தியேட்டரில் விசில் பறந்திருக்கும். எங்கள் வீட்டில் டி.வி. முன்னால் நானும் விசில் அடித்தேன்.

அடித்துவிட்டு, அய்யாவின் கம்பை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். அய்யா என்றால் என் அப்பாவின் அப்பா. மாரியம்மன் திருவிழாவில் அவர் சிலம்பம் சுற்றினால் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்து வருவார்களாம். அவர் பேரன் நான்! ரத்தத்தில் இருக்குமே! சுற்றினேன். கம்பு என் காதிலேயே விழுந்தது. மூன்று நாள் வீக்கம். என் அப்பாவுக்கும் சிலம்பம் தெரியாது. பன்னிரண்டு வயசில் கையாளாக வேலைக்குப் போனவருக்குக் கம்பு சுற்ற ஏது நேரம்? அய்யா போனதோடு எங்கள் வீட்டில் சிலம்பமும் போயிற்று. ரத்தத்தில் ஒன்றும் மிச்சமில்லை தோழர்களே. கற்றுக்கொடுக்க ஆள் இருந்து, கற்றுக்கொள்ள நேரமும் இருந்தால்தான் வித்தை அடுத்தவன் கைக்குப் போகும்.

இதை நான் விளையாட்டாக எழுதவில்லை. பத்தாம் வகுப்பு முடித்து டிப்ளமோ சேர்வதற்குப் பணம் பற்றாமல் அப்பா ஒரு பெரியவரிடம் கேட்கப் போனார், நானும் கூடப் போனேன். பணம் இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் பரவாயில்லை. “கரணை புடிச்ச வம்சம்யா ஒங்க வம்சம், புக்கு எங்கிட்டு ஏறும்? வேலைக்கு இழுத்துக்கிட்டுப் போ” என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு துண்டை மடித்துக்கொண்டே நின்றார். அம்மாவின் தோடு அடகுக்குப் போய்த்தான் நான் சேர்ந்தேன். முதல் செமஸ்டரில் எம்-ஒன் அரியர் விழுந்தது. தமிழில் படித்துவிட்டு வந்தவனுக்கு டிடர்மினன்ட் என்ற வார்த்தையே புதுசு. அன்று ராத்திரி எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அந்தப் பெரியவர் சொன்னது சரிதானோ, நம் வம்சத்தில் இல்லையோ என்றுதான்.

வித்தை டி.என்.ஏ.வில் இருக்கிறது என்று சினிமா சொன்னால் கைதட்டுகிறோம். அதையே ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் நாம் கல்லூரிக்கே வந்திருக்க முடியாது. இரண்டும் ஒரே பேச்சுதான்! நம் வகுப்பில் எத்தனை பேர் வீட்டில் முதன்முதலாகப் படிக்கிறவர்கள்? நம் ரத்தத்தில் தெர்மோடைனமிக்ஸ் தூங்கிக்கொண்டிருக்கிறதா, எழுப்பிவிட? (நிஜத்தில் தூங்குவது நாம்தான், அதுவும் மதியம் இரண்டு மணி வகுப்பில்!) அரியரை நான் இரண்டாவது தடவையில் முடித்தேன். எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அதே சீனியர் அண்ணன்தான். அவருடைய அப்பா மீன் வண்டி ஓட்டுகிறவர்.

தமிழில் நல்ல சண்டைப் படமே இல்லை என்று சொல்லவில்லை. 2012-இல் மிஷ்கின் ‘முகமூடி’ எடுத்தார். குங்ஃபூவை மதித்து எடுத்தார், ஆனால் முகமூடி போட்டதிலிருந்து கதைக்கு மூச்சு முட்டிவிட்டது. 2021-இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’யைப் பாருங்கள். பெயரிலேயே பரம்பரை இருக்கிறது! ஆனால் அங்கே ரங்கன் வாத்தியார் சொந்த மகனை ஒதுக்கிவிட்டு, களத்தில் தன்னைக் காட்டிய கபிலனைத் தேர்ந்தெடுக்கிறார். அந்த மகனின் முகம் போகிற போக்கைப் பார்க்கவே பாவமாக இருக்கும். கபிலன் சும்மா ஜெயித்துவிடவும் இல்லை. குடித்துக் கெட்டு, உடம்பு ஊதி, மறுபடி ஓடி, மறுபடி விழுந்து வருகிறான். அதனால்தான் கடைசிச் சண்டையில் எங்கள் விடுதியே எழுந்து நின்றது. அந்தப் படத்தில் யாரைக் கேட்டாலும் யானை எங்கே என்று சொல்வார்கள்!

என் அறை நண்பன் இன்னமும் ஒத்துக்கொள்ளவில்லை. “நீ ரொம்ப யோசிக்கிறடா, அதான் ஒனக்குப் படம் புடிக்க மாட்டேங்குது” என்கிறான். எனக்குப் படம் பிடிக்காது என்று யார் சொன்னது? அந்த மாடிப்படிச் சண்டையை இதுவரை ஒன்பது தடவை பார்த்திருப்பேன்.

பொங்கல் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு ராத்திரி ‘36-ஆவது அறை’யை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அப்பா சினிமா அதிகம் பார்க்கிறவர் இல்லை. திண்ணையில் படுத்துக்கொண்டு, போனைத் தூர வைத்துப் பார்த்தார். பாஷை புரியாது, நான்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். கையை நீட்டிக்கொண்டு தண்ணீர் வாளி சுமக்கிற இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

“இதையேதான்யா எங்க மேஸ்திரி செய்ய வச்சாரு. பன்னெண்டு வயசுல. சாரத்துல ஏறி, ரெண்டு கையிலயும் வாளி. தளும்புனா அடி.” கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கத்திதான் கட்டல” என்றார்.

அப்புறம் படுத்துக்கொண்டார். மணி அடிக்கிற இடம், மணல் மூட்டை முட்டுகிற இடம் எல்லாம் முழித்திருந்து பார்த்தார். கதாநாயகன் மடத்தை விட்டு வெளியே வந்து முதல் சண்டை போடுவதற்குள் தூங்கிவிட்டார்.